காற்றில் தைத்த கோலம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

நிறைவுற்ற கைவினைப் பொருளையே நம் கண்கள் காண்கின்றன. அப்பொருள் உருவாகும்வரை அதனைத் தாங்கி நின்று, பணி முடிந்ததும் அகற்றப்பட்டவை நம் பார்வைக்கு வருவதில்லை. கட்டடத்திற்குச் சாரம் எவ்வாறோ, ஊசி ரேந்தைக்கு அடித்துணி அவ்வாறு. அந்த அடித்துணியை ஆயத்தம் செய்யும் முறையையும் அவ்வுழைப்பின் மதிப்பையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கள்ளக்குறிச்சி மாவட்டம் மரச்சிற்பத்திற்குப் புகழ்பெற்றது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்கள் 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றன. உளி மரத்தைத் தொடுவதற்கு முன்பே சிற்பியின் பணி தொடங்கிவிடுகிறது. மரத்தை ஈரம் வற்ற உலர்த்துகிறார். வெடிப்பும் கணுவும் உள்ளனவா எனத் தட்டிப் பார்க்கிறார். உருவத்தைத் தாளில் வரைந்து மரத்தின்மேல் பதிக்கிறார். அதன்பின் உருவத்திற்கு வேண்டாத மரத்தை உளி நீக்குகிறது. எஞ்சி நிற்பது சிற்பம்.

இதற்கு நேர்மாறான கலையொன்று உண்டு. அதில் நீக்குவதற்கு மரமில்லை, தைப்பதற்குத் துணியுமில்லை. ஓர் ஊசியும் ஒரு நூலும் கொண்டு வெற்றிடத்தில் பூவையும் இலையையும் எழுப்பவேண்டும். அதுவே ஊசி ரேந்தை. வெற்றிடத்தில் நூல் எவ்வாறு நிற்கும் என்னும் வினாவிற்கு, அதன் ஆயத்தப் பணியே விடையளிக்கிறது.

ரேந்தை என்னும் சொல்

நூலால் ஆகிய துளைப்பின்னலை இக்காலத்தில் 'லேஸ்' என்கிறோம். இதற்குத் தமிழில் முன்பே வழங்கிவரும் பெயர் ரேந்தை. இரேந்தை எனவும் எழுதப்படும். 'ரெண்டா' என்னும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து இது வந்தது. அலமாரி, சன்னல், சாவி, மேசை முதலிய சொற்களும் அம்மொழியிலிருந்து வந்து நம் வீடுகளில் நிலைத்தவையே. இலங்கையில் வழங்கும் சிங்கள மொழியிலும் ரேந்தைக்கு இதே வேரிலிருந்து பிறந்த சொல் உண்டு.

ரேந்தையில் இருபெரும் வகைகள் உள்ளன. திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, சிறு மரக்கழிகளில் சுற்றிய பல நூல்களை மாற்றி மாற்றி முறுக்கிப் பின்னுவது திண்டு ரேந்தை. ஒரே ஊசியில் கோத்த ஒரே நூலால் முடிச்சு முடிச்சாகத் தைத்து உருவாக்குவது ஊசி ரேந்தை. தையற்காரர் பொத்தான் துளையின் விளிம்பில் போடும் காஜாத் தையலே ஊசி ரேந்தையின் அடிப்படை. காஜாத் தையல் துணியின் விளிம்பைப் பற்றுகிறது. ஊசி ரேந்தையிலோ அதே தையல் ஒரு நூலைப் பற்றுகிறது. அடுத்த வரிசை, முன்வரிசையின் கண்ணிகளைப் பற்றுகிறது. துணி எங்கும் இடம்பெறுவதில்லை.

அடித்துணியோடு மூவகை உறவு

ஊசிவேலைகள் அனைத்தும் அடித்துணியை ஒரே வகையில் கையாள்வதில்லை. நீலகிரியில் வாழும் தோடர் இனப் பெண்கள், பூத்துக்குளி என்னும் போர்வையில் சிவப்பும் கறுப்புமான நூல்களால் பூத்தையல் செய்கின்றனர். அவர்கள் துணியின்மேல் எதையும் வரைவதில்லை. துணியின் இழைகளை எண்ணியே ஊசியைச் செலுத்துகின்றனர். அங்கே துணிதான் வரைபடத்தாள். இக்கலை 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே அமைந்தது சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த அப்பள்ளத்தாக்கில் லம்பாடி இன மக்கள் வாழ்கின்றனர். அவர்தம் பூத்தையல் ஏறத்தாழ மறக்கப்பட்ட நிலையில் இருந்தது. மூத்த பெண்கள் சிலரின் நினைவில் மட்டும் எஞ்சியிருந்த அத்தையல்களை இளையோர் கேட்டுக் கற்று மீட்டனர். இன்று 'போர்கை' என்னும் கைவினைஞர் அமைப்பின் வாயிலாக அக்கலை தொடர்கிறது. லம்பாடி மொழியில் இச்சொல்லுக்குப் பெருமிதம் என்பது பொருள். இங்குத் துணி தையலைத் தாங்குகிறது. தையல் முடிந்த பின்னரும் அதனோடு சேர்ந்தே வாழ்கிறது.

ஊசி ரேந்தையில் அடித்துணியின் நிலை வேறு. அது தையலைத் தாங்குகிறது. பணி முடிந்ததும் வெட்டி அகற்றப்படுகிறது. அகற்றப்படுவதற்காகவே செய்யப்படினும் அதில் பிழை நேர்ந்தால் பின்னர்த் திருத்த வழியில்லை. ஆகவேதான் ஆயத்தப் பணி இக்கலையின் சரிபாதி என்று கொள்ளத்தகும்.

வெனிசில் பிறந்த கலை

ஐரோப்பியர் முதலில் வெள்ளைத் துணியில் சிறு சதுரங்களை வெட்டியெடுத்து, அத்துளைகளைத் தையலால் நிரப்பினர். நாளடைவில் வெட்டும் பகுதி பெருகியது. எஞ்சும் துணி குறைந்தது. இறுதியில் துணியே தேவையில்லை என்னும் நிலை தோன்றியது. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் வெனிசு நகரத்தில் சிறப்புற்ற இம்முறைக்கு 'புந்தோ இன் ஆரியா' என்று பெயரிட்டனர். காற்றில் இட்ட தையல் என்பது அதன் பொருள்.

பிரான்சு நாட்டு அமைச்சர் கோல்பேர், 1665ஆம் ஆண்டில் ரேந்தைத் தொழிற்கூடங்களை அரசின் ஆதரவில் நிறுவினார். வெனிசு ரேந்தைக்காகத் தம் நாட்டுப் பணம் வெளியேறுவதைத் தடுப்பது அவர் நோக்கம். அவற்றின்வழி அலான்சோன் நகரத்து ஊசி ரேந்தை புகழ்பெற்றது.

தெரிந்து தெளிவோம்

அலான்சோன் ஊசி ரேந்தைக் கலையை யுனெசுகோ நிறுவனம் 2010ஆம் ஆண்டில் மானுடத்தின் தொட்டுணராப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதன் ஒரு சதுர செண்டிமீட்டரைத் தைக்க ஏறத்தாழ 7 மணிநேரம் ஆகும். முழுப் பயிற்சி பெற 7 முதல் 10 ஆண்டுகள் வேண்டும். தைத்து முடித்த ரேந்தையைக் கடல் இறாலின் கொடுக்கால் தேய்த்து மெருகேற்றுவர்.

ஆயத்தப் பணியின் படிநிலைகள்

ஓர் இலையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதற்கு இடவிளிம்பு, வலவிளிம்பு, நடுநரம்பு என மூன்று கோடுகள் உண்டு. முதல் முயற்சிக்கு 5 செண்டிமீட்டர் நீளமுள்ள இலை போதும்.

முதற்படி, வரைதல். இலையை வெள்ளைத் தாளில் மையால் தெளிவாக வரைதல் வேண்டும். எந்தக் கோடும் அந்தரத்தில் முடியலாகாது. ஒவ்வொரு கோட்டின் இரு முனைகளும் வேறொரு கோட்டைத் தொடவேண்டும். பற்றுக்கோடின்றி முடியும் கோடு, அடித்துணியை அகற்றியதும் தொய்ந்துவிடும். எப்பகுதியில் நெருக்கமான தையல், எப்பகுதியில் தளர்வான தையல், வரிசைகள் எத்திசையில் செல்லும் என்பனவற்றையும் இப்பொழுதே குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி, மேலுறை. வரைபடத்தின்மேல் ஒளி ஊடுருவும் பச்சை அல்லது நீல நிறத் தாளைப் பொருத்த வேண்டும். பாடப்புத்தகத்திற்கு உறையிடப் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் தாளே போதுமானது. இதனால் இரு பயன்கள் உண்டு. வண்ணப் பின்புலத்தில் வெண்ணூல் தெளிவாகத் தெரிவதால் கண் களைப்படையாது. வழவழப்பான மேற்பரப்பில் ஊசிமுனை தாளைக் கிழிக்காமல் நழுவிச் செல்லும். அலான்சோன் கைவினைஞர் இதே நோக்கத்திற்காகப் பச்சை வண்ணமேற்றிய தோல்தாளைப் பயன்படுத்தினர்.

மூன்றாம் படி, அடித்துணி. அழுத்தமான பருத்திக் காடாத்துணி இதற்கு ஏற்றது. கஞ்சி நீங்கத் துவைத்து, உலர்த்தி, சுருக்கமின்றித் தேய்த்துக்கொள்ள வேண்டும். வரைபடத்தைவிட நாற்புறமும் 4 செண்டிமீட்டர் பெரிதாக இரு துண்டுகள் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க வேண்டும். ஒரு துணி போதாதா என்னும் ஐயம் எழலாம். இறுதியில் கத்தரி நுழைய வேண்டிய இடம் இவ்விரு துணிகளுக்கும் இடைப்பட்ட வெளியே. ஒற்றைத் துணியாயின், கட்டு நூலை வெட்டும்பொழுது ரேந்தையும் வெட்டுப்பட நேரும். விடுவிக்கும் நாளை எண்ணித் தொடக்க நாளிலேயே செய்யும் ஏற்பாடு இது.

நான்காம் படி, இணைத்தல். கீழே இரு துணிகள், நடுவே வரைபடம், மேலே வண்ணத்தாள் என அடுக்க வேண்டும். இலைக்கு வெளியே சுற்றிலும் ஓட்டுத்தையல் இட்டு, நான்கு அடுக்குகளையும் நகராதவாறு இணைக்க வேண்டும். வண்ணத்தாளின் கூரிய ஓரங்களில் நூல் சிக்காதவாறு துணிநாடா கொண்டு மூடித் தைப்பது நன்று. பணியின்பொழுது தைக்கும் இடம் மட்டும் தெரியுமாறு சாளரம் வெட்டிய தூய துணியொன்றை மேலே போர்த்திக்கொண்டால் கையழுக்கு நூலில் படியாது.

ஐந்தாம் படி, எல்லைநூல் இடுதல். ஆயத்தப் பணியின் உயிர்நிலை இதுவே. சற்றுத் தடித்த நூலை இரண்டாக மடித்து, மடிப்புக் கண்ணியை இலையின் அடியில் வைக்க வேண்டும். இணையான அவ்விரு இழைகளையும் கோட்டின்மேல் படுக்கவைத்து, மெல்லிய தையல்நூலால் குறுக்கே சிறுசிறு கட்டுத்தையல்கள் இட்டுச் செல்ல வேண்டும். ஊசி, கோட்டின்மேல் கீழிருந்து ஏறி, இரு இழைகளையும் தாண்டி, ஏறிய துளையிலேயே மீண்டும் இறங்கும். கட்டுகளுக்கு இடையே 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி போதும். கட்டுநூல் எல்லைநூலின் இழையைத் துளைக்கலாகாது. துளைத்தால் பின்னர்ப் பிரிக்கும்பொழுது எல்லைநூல் பிய்ந்துபோகும். கட்டுநூலைச் சாயம் போகாத வேறு நிறத்தில் தேர்ந்துகொண்டால், இறுதியில் அதன் துணுக்குகளைக் கண்டு நீக்குவது எளிது.

எல்லைநூலின் வழியும் சிக்குக்கோலமும்

எல்லைநூலை இடையில் வெட்டி முடிச்சிடுதல் முறையன்று. முடிச்சு உள்ள இடமே பின்னர் அவிழும் இடமாகும். அவ்வாறாயின் மூன்று கோடுகளையும் ஒரே நூலால் எவ்வாறு நிரப்புவது?

இலையின் அடியில் தொடங்கிய இணை இழைகள் இடவிளிம்பின் வழியே நுனியை அடைகின்றன. அங்கு ஓர் இழை காத்திருக்கிறது. மற்றோர் இழை நடுநரம்பின்மேல் இறங்கி, அடியிலுள்ள கண்ணிக்குள் நுழைந்து, அதே நரம்பின் வழியே நுனிக்குத் திரும்புகிறது. இப்பொழுது நடுநரம்பிலும் இரண்டு இழைகள் உள்ளன. பின்னர் இரு இழைகளும் ஒன்றுசேர்ந்து வலவிளிம்பின் வழியே அடிக்கு இறங்குகின்றன; தொடக்கக் கண்ணிக்குள் நுழைந்து, சற்றுத் தூரம் பின்னோக்கி மடக்கிக் கட்டப்படுகின்றன. முடிச்சு ஓரிடத்திலும் இல்லை.

நம் வீட்டு வாசலில் புள்ளிகளைச் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்திற்கே வந்துசேரும் சிக்குக்கோலத்தின் இயல்பும் இதுவே. இதற்குக் கணிதக் காரணம் உண்டு. கோனிக்சுபெர்க் நகரத்தின் ஏழு பாலங்களையும் ஒவ்வொரு முறை மட்டும் கடந்து உலா வர இயலுமா என்னும் சிக்கலைக் கணித அறிஞர் ஆய்லர் 1736ஆம் ஆண்டில் ஆராய்ந்தார். ஒவ்வொரு சந்தியிலும் இரட்டைப்படை எண்ணிக்கையில் வழிகள் கூடினால்தான், எவ்வழியையும் இருமுறை மிதிக்காமல் புறப்பட்ட இடத்திற்குத் திரும்ப இயலும் என்பது அவ்வாய்வால் விளங்கிற்று. நம் இலையின் அடியிலும் நுனியிலும் மும்மூன்று கோடுகள் கூடுகின்றன, மூன்று ஒற்றைப்படை. ஒவ்வொரு கோட்டிலும் இரண்டு இழைகள் இட்டதும் மூன்று ஆறாகிறது. இணைந்து நிற்கும் எவ்வளவு சிக்கலான வடிவமாயினும், இழையை இரட்டித்தால் வழி கிடைத்தே தீரும். இவ்விதியை ஏட்டில் கல்லாத கைவினைஞர் தம் விரல்களால் அதனை அறிந்திருந்தனர்.

தைத்தலும் விடுவித்தலும்

எல்லைநூல் இட்டு முடித்ததும் சோதனை வேண்டும். ஒவ்வொரு கோட்டிலும் இரண்டு இழைகள் உள்ளனவா, சந்திகள் கோத்திருக்கின்றனவா, ஊசியால் மெல்ல நெம்பினால் நூல் கோட்டைவிட்டு விலகுகிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் கட்டுகளைப் பிரித்து மீண்டும் இடுவதே அறிவுடைமை.

பிறகு முனை மழுங்கிய ஊசியை எடுத்து, எல்லைநூலைப் பற்றிக் காஜாத் தையல் வரிசைகளை இடத் தொடங்கலாம். இந்நிலையிலிருந்து ஊசி ஒருமுறையேனும் கீழுள்ள தாளையும் துணியையும் துளைக்கலாகாது. அனைத்துப் பகுதிகளும் நிரம்பியபின், எல்லைநூலின்மேல் கூடுதல் இழைகளை வைத்து நெருக்கமாகக் காஜாத் தையலிட்டால் விளிம்பு மேடுபட்டு உறுதிபெறும்.

இறுதியில் இரு துணிகளையும் மெல்ல விலக்கினால், இடையே கட்டுநூல்கள் வரிசையாகத் தென்படும். சிறு கத்தரியால் அவற்றை ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். துணி பிரிகிறது; தாளிலிருந்து இலை விடுபட்டு எழுகிறது. நூல் துணுக்குகளை நீக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், எதன்மேலும் தைக்கப்படாத இலையொன்று தன் வடிவம் குலையாது நிற்கும்.

உழைப்பின் விலை

நிறைவுற்ற இலையில் அடித்துணி இல்லை, வரைபடம் இல்லை, கட்டுநூல்களும் இல்லை. அவற்றை ஆயத்தம் செய்தவரின் பொழுதும் அதில் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத உழைப்பு, கூலிக் கணக்கிலும் தெரியாமற்போகும் இடர் இங்கேதான் தோன்றுகிறது.

தமிழகத்தில் ரேந்தையின் வரலாறு இதனை இருபுறமும் காட்டுகிறது. 1819ஆம் ஆண்டில் தம் கணவர் சார்லசு மால்ட்டுடன் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட், தாம் நடத்திய பெண்கள் பள்ளியில் திண்டு ரேந்தையைக் கற்பித்தார். அவர்தம் மகள் எலைசா, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல்லை 1844ஆம் ஆண்டில் மணந்து இடையன்குடிக்குச் சென்றார். அங்கும் ரேந்தைப் பயிற்சி வளர்ந்தது. அக்காலத் தென் திருவிதாங்கூரில் அடிமைமுறை நிலவியது. அடிமைக் குடும்பப் பெண்கள் சிலர், ரேந்தை பின்னி ஈட்டிய பணத்தைக் கொண்டே தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றதை மறைப்பணியாளர்களின் குறிப்புகள் பதிவுசெய்துள்ளன. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855ஆம் ஆண்டில்தான் ஒழிக்கப்பட்டது. சட்டம் தருவதற்கு முன்பே அப்பெண்களுக்கு நூல் விடுதலை தந்தது. உழைப்புக்குரிய கூலி உழைத்தவரின் கையையே சேர்ந்ததால் நேர்ந்த விடுதலை அது.

மறுபுறத்தை ஆந்திர மாநிலத்தின் நரசாபூர் காட்டுகிறது. அங்குப் பெண்கள் கொக்கி ஊசியால் பின்னிய ரேந்தை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று. அவர்களைப் பற்றிச் செருமானிய அறிஞர் மரியா மீசு எழுதிய ஆய்வுநூல் 1982ஆம் ஆண்டில் வெளிவந்தது. நாள்முழுதும் உழைத்த அப்பெண்கள் தொழிலாளராகக் கருதப்படவில்லை. ஓய்வுநேரத்தைப் பயனுறக் கழிக்கும் இல்லத்தரசிகளாகவே கருதப்பட்டனர். அதனால் கூலி மிகக் குறைந்தது என்பதை அந்நூல் எடுத்துக்காட்டியது.

உழைப்பு கணக்கில் வாராமற்போவது நம் மாவட்டத்திற்கும் அயலானதன்று. கல்வராயன் மலை 1976ஆம் ஆண்டுவரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. மலைவாழ் மக்கள் அவர்களுக்குக் கூலியின்றி உழைக்க நேர்ந்தது. நாடு முழுமைக்குமான கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டமும் அதே 1976ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது.

ஆகவே, கைவினைப் பொருளொன்றின் விலையைக் கேட்டு வியப்பதற்கு முன், அதில் காணப்படாத பணிகளை எண்ணிப் பார்ப்பது கற்றவர் கடமை. மரத்தை உலர்த்திய நாள்கள், இழைகளை எண்ணிய கண்கள், அடித்துணியை இணைத்த மணிப்பொழுதுகள் ஆகியவை அனைத்தும் அவ்விலையில் இடம்பெறல் வேண்டும். தைப்பவரும் தம் பொழுதை முதல் கோடு வரைந்த வேளையிலிருந்தே கணக்கிடக் கற்கவேண்டும். அடித்துணியை வெட்டி அகற்றலாம். அதனை ஆயத்தம் செய்தவரின் உழைப்பைக் கணக்கிலிருந்து அகற்றலாகாது.

கற்பவை கற்றபின்

1. நான்கு கோடுகள் ஒரு புள்ளியில் கூடும் பூ வடிவம் ஒன்றை வரைந்து, எல்லைநூல் செல்லும் வழியை அம்புக்குறிகளால் காட்டுக.

2. காடாத்துணி, வண்ணத்தாள், நூல் ஆகியவற்றைக் கொண்டு இலை வடிவம் ஒன்றிற்கு ஆயத்தப் பணி செய்க. ஒவ்வொரு படிநிலைக்கும் ஆன நேரத்தைக் குறித்து வகுப்பறையில் ஒப்பிடுக.

3. உங்கள் ஊரிலுள்ள மரச்சிற்பி, நெசவாளர், தையற்காரர் ஆகியோருள் ஒருவரைச் சந்தித்து, அவர்தம் பணியில் வாங்குவோர் கண்ணுக்குத் தெரியாத வேலைகளைக் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

குறுவினா

1. ஊசி ரேந்தைக்கு இரு அடித்துணிகள் தேவைப்படுவது ஏன்?

2. திண்டு ரேந்தை, ஊசி ரேந்தை – வேறுபடுத்துக.

சிறுவினா

தோடர் பூத்தையல், லம்பாடிப் பூத்தையல், ஊசி ரேந்தை ஆகியவற்றில் அடித்துணி பெறும் இடத்தை ஒப்பிட்டு எழுதுக.

நெடுவினா

"கண்ணுக்குத் தெரியாத உழைப்பு, கூலிக் கணக்கிலும் தெரியாமற்போகும்" – பாடப்பகுதி கொண்டு நிறுவுக.

உறுப்பிலக்கணம்

தைத்தனர் = தை + த் + த் + அன் + அர்; தை – பகுதி, த் – சந்தி, த் – இறந்தகால இடைநிலை, அன் – சாரியை, அர் – பலர்பால் வினைமுற்று விகுதி.